நனைந்த நீலம்

முன்பதிவு நாற்பத்தோராயிரத்தில் நின்றது. மடிக்கணினித் திரையில் அந்த எண் வெகுநேரமாக அசையவில்லை.

"இன்னிக்கு ராத்திரிக்குள்ள ரெண்டு லட்சம் வேணும் ஜெகதீசன்," என்றான் சித்தார்த். கணினி விளையாட்டு நிறுவனத்தின் விற்பனைத் தலைவன். மீன்வாடை பழகாதவன். மூக்கில் கைக்குட்டையை வைத்தபடியே பேசினான்.

விளையாட்டின் பெயர் 'ஆழிமகுடம்'. ஏழு தீவுகள். ஆடுகிறவர் படகோட்டியாகவோ கொள்ளைக்காரியாகவோ வைத்தியராகவோ ஒரு வேடம் எடுத்துக்கொண்டு கடலை ஆள வேண்டும். நாலு வருட உழைப்பு, முந்நூறு கோடி முதலீடு. பணம் போட்ட வெளிநாட்டுக்காரர்கள் எதிர்பார்ப்பைத் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். முதல் நாளில் இரண்டு லட்சம் முன்பதிவு வரவேண்டும். வராவிட்டால் சென்னை அணியைக் கலைத்துவிடுவார்கள். விளம்பரப் பிரிவில் ஜெகதீசனோடு சேர்த்து முப்பது பேர் இருந்தார்கள்.

யோசனை ஜெகதீசனுடையதுதான். காசிமேட்டில் ஒரு விசைப்படகை வாடகைக்கு எடுத்து, விளையாட்டில் வரும் கப்பலைப் போல ஜோடித்து, அது துறைமுக முகத்துவாரத்தில் நுழைவதை நேரலையில் காட்டுவது. கரையில் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது, திகைப்புதான் விளம்பரம். படகின் பெயர், எண், சொந்தக்காரர் பூசியிருந்த மஞ்சளும் பச்சையும், எல்லாம் ஸ்டிக்கருக்குள் மறைந்துபோயின. உச்சியில் ஒரு பெரிய கொடி, ஆழ்ந்த நீலத்தில். படகை ஓட்டி வருபவன் ரகுபதி, ஜெகதீசனின் மனைவி நர்மதாவின் தம்பி.

நர்மதா இல்லை. போன மழைக்காலத்தில் டெங்கு வந்து போய்விட்டாள். ஜெகதீசன் அழவில்லை. காலடிப்பேட்டையிலிருந்து தினமும் வேலைக்குப் போனான், வந்தான். எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பது வசதியாக இருந்தது. எண்கள் பதிலுக்கு எதையும் கேட்பதில்லை.

கையிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

"மாமா, நாங்க ரெடி. அலை தூக்கிகினு கீது. கொடி தெப்பமா நனஞ்சிட்ச்சு."

"பரவால்ல ரகு, வா."

"இன்னொரு தபா சொல்றேன், கோச்சிக்காத. இந்தக் கொடி எனுக்குப் புடிக்கல."

"நீலம்டா. கலரு நாந்தான் பாத்து சொன்னேன்."

"நீ சொன்னா சரி. காலேஜ் படிச்ச ஆளு. எங்களுக்கு இன்னா தெரியும், மீனும் மீன் நாத்தமும்." சிரித்துவிட்டு வைத்தான்.

மீன் ஏலக்கூடத்து மொட்டைமாடியில் அவர்கள் போட்டிருந்த கூடாரத்திலிருந்து கேமரா ட்ரோன் எழும்பியது. கீழே படகுத்துறையில் ஒரு கேமராக்காரர் மைக்கோடு தயாராக நின்றார். சித்தார்த் கட்டைவிரலைத் தூக்கினான். நேரலை தொடங்கியது.

அலைதடுப்புப் பாறைகளைத் தாண்டிப் படகு தெரிந்தது. ஜெகதீசன் திரையை நோக்கிக் குனிந்தான்.

கொடி கறுப்பாக இருந்தது.

அலுவலகத்தில், காய்ந்த துணியில், குழல்விளக்கின் கீழே அது நீலம்தான். உப்புத் தண்ணீரில் ஊறி வெயிலுக்கு எதிரே வரும்போது அதில் நீலம் துளியும் இல்லை. இந்தக் கரையில் அதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். கடலில் ஆளைப் பறிகொடுத்த படகு கறுப்புத் துணி கட்டிக்கொண்டு உள்ளே வரும். கல்யாணமான புதிதில் நர்மதாவோடு இதே இடத்தில் நின்று ஒருமுறை பார்த்திருக்கிறான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது.

கீழே ஏலம் நின்றது. கூடைகளுக்கு நடுவிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"ஏய், கருப்பு கட்டிகினு வர்து பாரு!"

"எந்தப் போட்டு? யாரு வூட்டுது?"

"தெர்லியே! பேரே இல்ல. கலரும் நம்மூருது மாரி இல்ல."

அதுதான் வினையாயிற்று. பெயர் தெரிந்திருந்தால் ஒரு வீட்டுக்குத்தான் இடி. பெயர் இல்லாததால் எல்லா வீட்டுக்கும் இடி. புருஷனோ மகனோ கடலில் இருந்த ஒவ்வொருத்தியும் அதைத் தன் படகென்று நினைத்தாள். கார்குழலி என்பவளின் கணவன் போன படகு போன வாரமே திரும்பியிருக்க வேண்டும். அவள் மாரில் அடித்துக்கொண்டு தண்ணீர் விளிம்புக்கு ஓடினாள். மற்றவர்கள் அவள் பின்னால் ஓடினார்கள். ட்ரோன் அவர்கள் தலைக்குமேல் தாழ்ந்து பறந்தது.

எண் அசைந்தது. ஐம்பத்தெட்டாயிரம். எழுபது. தொண்ணூறு. திரையோரத்தில் பின்னூட்டங்கள் அருவியாகக் கொட்டின. 'யாருய்யா இந்த அக்காங்க, என்னா நடிப்பு!'

"ஆள் வெச்சிருக்கீங்களா? என்கிட்ட சொல்லவே இல்லையே!" சித்தார்த் கைக்குட்டையை மறந்துவிட்டிருந்தான்.

"வைக்கல. அவங்க நெஜமாவே அழறாங்க." ஜெகதீசன் நாலு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னான்.

சித்தார்த் ஒரு கணம் யோசித்தான். ஒரு கணம்தான்.

"சரி, யாரும் சாகலையே? ரெண்டு நிமிஷத்துல படகு உள்ள வந்துடும். பார்த்து சந்தோஷப்படுவாங்க. அதையும் எடுத்துடலாம்."

ஜெகதீசன் வாக்கியை அமுக்கினான். "ரகு, கொடிய எறக்கு."

"இன்னாது? சார் சொல்லாம எறக்கக் கூடாதுன்னு நீதான மாமா பட்ச்சி பட்ச்சி சொன்ன?"

சித்தார்த் வாக்கியைப் பிடுங்கினான். "எறக்காதீங்க ரகுபதி. மெதுவா வாங்க." பிறகு தாழ்ந்த குரலில், "ஒரு லட்சத்தைத் தாண்டிடுச்சு. முப்பது குடும்பம் ஜெகதீசன். யோசிங்க."

ஜெகதீசன் யோசித்தான். முப்பது பேரின் முகங்களும் வந்தன. திரையில் கார்குழலி தரையில் விழுந்தாள். அவன் வாக்கியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினான்.

அங்கேதான் இரண்டாவது தப்பு. ஓடியிருக்கக் கூடாது.

கூட்டத்தின் ஓரத்தில் முத்தம்மா நின்றிருந்தாள், அவன் மாமியார், இங்கே மீன் விற்பவள். ரகுபதி விடியலில் எங்கோ படகு ஓட்டப் போகிறேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவள் திரும்பினாள். மருமகன் தலைதெறிக்க ஓடிவருவதைப் பார்த்தாள். நர்மதாவின் சேதியைச் சொல்லவும் அவன் இப்படித்தான், இதே வழியில், இவளைத் தேடி ஓடிவந்தான்.

அவள் ஈரச் சிமெண்டுத் தரையில் மெல்ல உட்கார்ந்தாள்.

"ரகுவா?" என்றாள்.

"இல்ல அத்த. இது விளம்பரம். கேம்முக்கு." மூச்சு வாங்கியது. கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "யாரும் சாகல! பொய்க் கொடி! கம்பெனி விளம்பரம்! யாருக்கும் ஒண்ணும் ஆகல!"

கேமராக்காரரின் மைக் அதை அப்படியே வாங்கி நேரலையில் விட்டது. பெண்கள் நம்பவில்லை. சாவுச் சேதி கொண்டுவருகிறவன் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வான். முத்தம்மாவும் நம்பவில்லை. அவன் சட்டையில் எழுதியிருந்த 'ஆழிமகுடம்' என்ற எழுத்தை வெறித்தாள்.

"ரகு, அம்மாகிட்ட பேசு. ரகு!"

வாக்கியில் இரைச்சல். இஞ்சின் சத்தம். மறுபடி இரைச்சல்.

"யம்மோவ். இன்னா?"

முத்தம்மா கருவியைப் பறித்தாள். "எவன்டா பேசறது?"

"நாந்தாம்மா."

"நாந்தான்னா யாரு? காலைல இன்னாடா துன்ன?"

"நீ குட்த்த பழைய சோறு. நெத்திலிக் கருவாடு. உப்பு ஜாஸ்தி."

முத்தம்மா கண்ணை மூடித் திறந்தாள். "அந்தக் கருமத்த அவுத்துக் கடல்ல போட்ரா, பேமானி."

கொடி சரிந்தது. தண்ணீரில் விழுந்து கொஞ்ச தூரம் மிதந்து மூழ்கியது. அழுகை ஒரேயடியாக நிற்கவில்லை. ஒவ்வொருத்தியாக நிறுத்தி, பக்கத்திலிருந்தவளைத் தொட்டுப் பார்த்து, பிறகு திட்ட ஆரம்பித்தார்கள். கார்குழலி மட்டும் திட்டவில்லை. "அப்ப என் வூட்டுக்காரரு போட்டு?" என்று கேட்டாள். அவள் மறுபடி கடலைப் பார்த்து நின்றாள்.

முத்தம்மா எழுந்தாள். மீன் அலசிய கையால் ஜெகதீசனின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"அவ சேதிக்கும் இப்டித்தான் ஓடியாந்த. இனிமேட்டு என்னாண்ட நடந்து வா. புரிதா?"

"புரிது அத்த."

கைப்பேசி அதிர்ந்தது. சித்தார்த். "ஒரு லட்சத்து இருபதாயிரத்துல நின்னுச்சு. இப்ப கீழ எறங்குது. ரத்து பண்ணிகிட்டே இருக்கானுங்க, நம்மளத் திட்டிகிட்டே. என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியுது," என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தான்.

படகு துறையை ஒட்டி வந்து நின்றது. ரகுபதி கயிற்றை வீசினான். ஜெகதீசன் அதைப் பிடித்து முளையில் சுற்றினான். முடிச்சு விழவில்லை. மறுபடி சுற்றினான். கன்னத்தில் ஒரு மீன்செதில் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவில்லை. கன்னம் எரிந்தது. நன்றாகவே எரிந்தது.