வளைவில் முடிச்சுப் போடக் கூடாது

1

இந்தக் கதை ஒரு சட்டைப்பின்னிலிருந்து, அதாவது ஒரு ஊக்கிலிருந்து, வந்தது. இரவு ஷிஃப்ட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த வாரம் அது. காலை பஸ் எப்படி இருக்கும் என்பதே மறந்திருந்தது. மடுல்சீமையிலிருந்து பதுளை போகும் பஸ்ஸில், எனக்கு முன்னிருந்த சீட்டின் முதுகில் அந்தப் பின் குத்தியிருந்தது. அதில் கொஞ்சம் நூல், பச்சையும் மஞ்சளும். யாரோ எதையோ பின்னி முடித்து, அறுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். உண்மை அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மலைச்சரிவில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில், நிரஞ்சலாவின் விரல்கள்—

அடித்துவிட்டேன். பனியை இறக்கினால் எழுதுகிறவனுக்கே தூக்கம் வருகிறது. நிரஞ்சலாவுக்கும் பனியைப் பார்க்க நேரமில்லை. அவள் கோபத்திலிருந்தாள்.

2

நிரஞ்சலாவும் ஹம்ஸியாவும் பதுளை பஜாரில் ஒரு புடவைக்கடையில், ஒரே மேசையில் துணி அளந்து கொடுப்பவர்கள். ஒருத்தி மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வருகிறாள், மற்றவள் டவுன்காரி. ஹம்ஸியா இரண்டு வருடப் படிப்புக்குக் கொழும்பு போகிறாள் என்று தெரிந்ததும், நிரஞ்சலா அவளுக்கு ஒரு நூல் பட்டி பின்னினாள். ஃபிரெண்ட்ஷிப் பேண்ட் என்று பஜாரில் தொங்குகிறதே, அது. பஸ்ஸில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. பின்ன வேறு நேரமில்லை.

ஹம்ஸியா அதை வாங்கி, துணி அளக்கும் இரும்புக் கோலுக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தாள். விளிம்பு கோலைத் தொட்டது, விலகியது, மறுபடி தொட்டது.

"என்னடி இது, மடுல்சீமை ரோட்டையே பின்னிக்கிட்டு வந்திரிக்க?"

துணி வாங்க வந்த நாலு பேரும் சிரித்தார்கள். நிரஞ்சலா பட்டியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு பன்னிரண்டு நாள் பேச்சில்லை. பேச வேண்டியதை வாடிக்கையாளர் வழியாகப் பேசினார்கள்.

"கத்தரி அந்தப் பக்கம் இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லுங்க அக்கா."

"கத்தரி எனக்கும் தெரியுதுன்னு சொல்லுங்க."

நடுவில் நின்றவர் இரண்டு மீட்டர் சட்டைத்துணிக்காக வந்தவர்.

திங்கட்கிழமை எட்டரை ரயிலில் ஹம்ஸியா போகிறாள். அதற்குள் விளிம்பு நேரான ஒரு பட்டியை அவள் முன்னால் வைத்தாக வேண்டும். இல்லையென்றால் இரண்டு வருடத்துக்கு அவர்களுக்கிடையில் மிஞ்சுவது அந்தச் சிரிப்பும் ஒரு கத்தரியும்தான்.

3

[இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும். வேண்டாதவர்கள் நாலாம் பகுதிக்குத் தாவலாம். பிறகு புரியவில்லை என்று என்னிடம் வரக் கூடாது.]

ஆறு நூலைச் சேர்த்து மேல்நுனியை ஒரு சட்டைப்பின் கொண்டு எங்காவது குத்திக்கொள்ள வேண்டும். இடது ஓரத்து நூல், மற்ற ஐந்திலும் வரிசையாக முடிச்சுப் போட்டுக்கொண்டே வலது ஓரத்துக்குப் போகும். ஒவ்வொரு நூலிலும் இரண்டு முடிச்சு. முடிச்சு வாங்கும் நூலை விறைப்பாகப் பிடிக்க வேண்டும். முடிச்சு மேலே ஏறி உட்கார்ந்ததும் விட்டுவிட வேண்டும். எல்லாரும் கெடுப்பது ஓரத்தில்தான். வரிசையின் முதல் முடிச்சை, பலமாக இருக்கட்டும் என்று இன்னொரு இழுப்பு இழுப்பார்கள். ஓரம் உள்ளே போய்விடும். தளர்த்திவிட்டால் காது மாதிரி வெளியே தொங்கும்.*

* நான் மூன்று பட்டி பின்னிப் பார்த்தேன். மூன்றுக்கும் காது இருக்கிறது.

நிரஞ்சலாவுக்கு இதெல்லாம் தெரியும். எரிச்சலே அதுதான். ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் உட்கார்ந்து, தலையணையில் குத்திப் புதிய பட்டியைப் பின்னினாள். விளிம்பு கோடு போட்டதுபோல் வந்தது. பஸ்ஸில் பின்னிய பழைய பட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஓரிடத்தில் ஓரம் உள்ளே போயிருந்தது, அடுத்த இடத்தில் வெளியே வந்திருந்தது, மறுபடி உள்ளே. அவள் விரல்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ரோட்டுக்கு உண்டு. பஸ் திரும்பும்போது உடம்பு சாய்கிறது. கையும் நூலும் கூடவே போகின்றன.

ஆக, ஹம்ஸியா கிண்டல் பண்ணவில்லை. உள்ளதைத்தான் சொல்லியிருந்தாள். அது கோபத்தை இன்னும் கூட்டியது.

இரண்டு விரற்கடை மிச்சமிருக்கும்போது இருட்டிவிட்டது, கரண்டும் போனது. காலையில் ஆறே முக்காலுக்கு பஸ்.

4

பஸ்ஸில் முன்சீட்டின் முதுகில் பட்டியைக் குத்திக்கொண்டாள். பக்கத்தில் சந்திரகாந்தி, பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகிறவர், மடியில் ஒரு போஞ்சிக்காய்ப் பை. ஃபுட்போர்டில் கண்டக்டர் ரஜீவ்.

(ரஜீவை நான் நம்பவில்லை. முதல் பிரதியில் அவன் தானாகவே வந்து உதவினான். அந்த பஸ்ஸில் ஒரு தடவையாவது நின்றுகொண்டு போனவர் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுவார். திருத்திவிட்டேன்.)

முதல் வளைவில் நிரஞ்சலாவின் முழங்கை சந்திரகாந்தியின் விலாவில் இறங்கியது. இரண்டாவதிலும்.

"தம்பி, இந்தப் புள்ளைய வேற எடத்துல ஒக்கார வை. நான் பிரஷருக்கு மருந்து எடுக்கப் போறேன், விலாவுக்கும் சேத்து எடுக்க வச்சிருவா போல."

"என்னா தங்கச்சி பண்றீங்க?"

"முடிச்சு போடுறேங்க. வளைவு வந்தா கோணிக்கிது."

"வளைவுல போட்டா கோணாம என்னா செய்யும்? நேரா போற எடத்துல போடுங்க."

"நான் நூல பாக்குறதா, ரோட்ட பாக்குறதா?"

ரஜீவுக்கு அந்த ரோடு கண்ணை மூடினாலும் தெரியும். விலா பற்றிய முறைப்பாடு இனி வரக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக அவன் சத்தம் போடத் தொடங்கினான்.

"வளைவு, கைய எடுங்க. இப்ப போடுங்க. சரி, போதும். வளைவு."

பசறை தாண்டியபோது முன்சீட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். சந்திரகாந்தி ஒவ்வொரு வரிசைக்கும் எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

"அந்த ஓரத்த இழுத்துட்ட. அவுரு."

"நேரமில்ல அக்கா."

"நேரமில்லாதவ எதுக்குக் கட்டுற? அவுரு."

கொண்டை ஊசியால் அவிழ்த்து, மறுபடி போட்டாள். கடைசிக்கு முந்திய வரிசையில் மட்டும், ரஜீவ் புதிதாக ஏறிய இருவருக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். வளைவு சொல்லாமல் வந்துவிட்டது. கடைசி வரிசையும் முடிந்த பிறகுதான் பார்த்தாள், அவிழ்ப்பதற்குள் பதுளையும் வந்துவிட்டது.

நூலை அறுத்துக்கொண்டு இறங்கி ஓடினாள். சட்டைப்பின் சீட்டிலேயே இருந்தது.

5

முடிவு ஒன்று: ஹம்ஸியா பழைய கோணல் பட்டியையே கேட்டு வாங்கி, "எனக்கு இதுதான் வேணும்" என்று அழுகிறாள்.

இதை எழுதினால் நாலு பேர் கண் கலங்குவார்கள். ஆனால் நிரஞ்சலா இத்தனை நாள் மல்லுக்கட்டியது விளிம்பு நேராக வரத்தான். கோணலும் அழகுதான் என்று அவளிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

முடிவு இரண்டு: ரயில் போய்விடுகிறது.

பதுளையில் ரயில் புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே வந்து நிற்கும். பாதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதைத் தவறவிடத் தனி முயற்சி வேண்டும். முடிவு மூன்—

வேண்டாம். ஸ்டேஷனுக்குப் போவோம்.

6

ஹம்ஸியா பெட்டியின் வாசலில் நின்றாள். நிரஞ்சலா பட்டியை உள்ளங்கையில் நீட்டினாள். ஹம்ஸியா, கையிலிருந்த ரயில் டிக்கெட்டை அதன் ஓரத்தில் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினாள்.

"இதில ஒரு முடிச்சு உள்ளுக்குப் போயிரிக்கி."

பன்னிரண்டு நாளில் யாருடைய உதவியும் இல்லாமல் பேசிய முதல் பேச்சு.

"அது கண்டக்டர் டிக்கெட் கிழிச்ச எடம்."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் நேரா இருக்கு. வேணும்னா கடைக்கு ஓடிப்போய் கோல எடுத்தாரேன்."

ஹம்ஸியா இன்னொரு தடவை டிக்கெட்டை நகர்த்தினாள். பிறகு அதைப் பையில் போட்டுவிட்டு, பட்டியைத் தன் இடது மணிக்கட்டின்மேல் வைத்தாள்.

இனி ஒரு தகவல். இடது மணிக்கட்டில் பட்டியை வலது கையால் மட்டும் கட்ட முடியாது. செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு நுனியைப் பல்லால் கடித்துப் பிடிக்க வேண்டும். அல்லது பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

ஹம்ஸியாவுக்கு நல்ல பல்வரிசை. பக்கத்தில் நிரஞ்சலாவும் நிற்கிறாள். ரயில் புறப்பட நாலு நிமிடம் இருக்கிறது. நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன், கட்டுவது உங்கள் பாடு.

ஓரத்தை மட்டும் இழுத்துவிடாதீர்கள்.