லைப்ரரி அக்கா உறுதிப்படுத்தியது

சனிக்கிழமைதோறும் எங்கள் நூலக மாடியில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குப் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பது நான்தான். ஜோர்ஜ்டவுனில் இப்படி ஒரு வகுப்பு வேண்டும் என்று மேலதிகாரியை நச்சரித்து வாங்கியதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

போன வாரம், வீட்டுக்கு வந்த வாட்சப் செய்தி ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். முதலில் துளசி எழுந்தாள். பின்வரிசைப் பிள்ளை, கேட்டால் மட்டும் பதில் சொல்வாள். தன் போனைப் பெரிய திரையில் இணைத்தாள்.

"தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் கவனம். பச்சைத் துணிப் பந்தலில் மோர் குடிக்காதீர்கள். பிள்ளைகள் வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில்." கீழே, வாடிக் கிடக்கும் பிள்ளைகளின் படம். அதற்கும் கீழே, "லைப்ரரி அக்கா உறுதிப்படுத்தியது."

அந்தச் செய்தியை எனக்குத் தெரியும்.

தைப்பூசத்தன்று மத்தியானம் அந்தச் செய்தி எங்கள் அடுக்குமாடிக் குழுவில் வந்தது. அப்படியே கோயில் குழுவுக்குத் தள்ளிவிட்டேன். இருநூறு பேர் இருக்கிற குழு. "உண்மையா அக்கா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாலா, பாத்து இருங்க" என்று போட்டேன். எதையும் பார்க்கவில்லை. அரை நிமிஷ வேலை. யாரோ என் பேரை விட்டுவிட்டு, என் உத்தியோகத்தை மட்டும் சேர்த்து மேலே அனுப்பியிருக்கிறார்கள்.

"லைப்ரரில வேலை செய்றவங்க சொன்னா சரியாத்தானே டீச்சர் இருக்கும்?" என்றான் கிஷன். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான்.

துளசி படத்தை இணையத்தில் போட்டுத் தேடினாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், வேறு நாட்டில், ஏதோ ஒரு பள்ளிக்கூடம். நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒன்றுவிடாமல் செய்தாள்.

"அந்தப் பச்சைத் துணிப் பந்தல் எங்கம்மாவோடது டீச்சர். அம்மா பேரு லோகேஸ்வரி, ஃபேக்டரில வேலை. நான் சின்னதுல காய்ச்சல்ல கிடந்தப்ப வேண்டிக்கிட்டு, எட்டு வருஷமா மோர் ஊத்துறாங்க. இந்த வருஷம் மத்தியானத்துக்கு மேல ஒரு ஆள் வரல. நாலு அண்டா மோரையும் ரோட்டோர லோங்காங் சாக்கடைல கொட்டிட்டு வந்தோம். இனிமே பந்தலே வேணாங்கிறாங்க. நாளைக்குக் கோயில் ஆபீஸ்ல போய் இடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போறாங்க."

பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சர் ஏதாவது சொல்வார் என்றுதான். நான் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. 'பாத்தீங்களா, இதனாலதான் சரிபார்க்கச் சொல்றேன்' என்று பாடத்தை முடிக்க வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அப்படியும் ஒரு பிறவி நான்.

"அந்த லைப்ரரி அக்கா நான்தான்" என்றேன். வெள்ளைப் பலகையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது.

அங்கேயே நின்று போனை எடுத்து, அது பொய், விசாரிக்காமல் அனுப்பியது என் தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதி, கீழே பிரமிளா என்று என் பேரைப் போட்டுக் கோயில் குழுவுக்கு அனுப்பினேன். நாலைந்து கும்பிடு பொம்மைகள் வந்தன. அதற்குள் யாரோ வாழைப்பூ வடை செய்முறை போட்டுவிட்டார்.

"அம்மா அந்த குரூப்ல இல்ல டீச்சர். அன்னைக்கே வெளிய வந்துட்டாங்க."

"நான் இன்னைக்கே வீட்டுக்கு வரேம்மா. நேர்ல சொல்றேன்."

துளசி திரையிலிருந்து போனைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

"வாங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். அன்னைக்குக் காலையில நீங்க எங்க பந்தலுக்கு வந்தீங்க. வெயில் தாங்கலன்னு ரெண்டு கப் குடிச்சீங்க, நான்தான் ஊத்திக் கொடுத்தேன். வயிறு வலிச்சுதா டீச்சர்?"

அன்று எத்தனையோ பந்தலில் நின்றேன். துணி என்ன நிறம் என்று பார்க்கவில்லை. ஊற்றிக் கொடுத்தவள் முகத்தையும் பார்க்கவில்லை.

"இல்லம்மா" என்றேன்.