இறங்க முடியாத பாதை

கனடாவின் கரிபூ தங்க வயல்களுக்கு வண்டிப்பாதை திறந்த அன்று மாலையிலிருந்து, எங்கள் பகுதியில் அதைப் போட்ட குத்தகைக்காரர் ஜேபெஸ் ட்ரெவாரோவால் அதைவிட்டுக் கீழே இறங்க முடியாமல் போயிற்று. ஓரத்துக் கல்வரிசையைத் தாண்டிக் காலை வைத்தால், அந்தக் கால் தானாகத் திரும்பி மறுபடி பாதைமேல்தான் ஊன்றும். குடித்திருக்கிறார் என்று நினைத்தோம். மறுநாள் நாங்கள் நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினோம். பார்த்தால் ஐந்து பேருமே பாதைமேல் நின்றுகொண்டிருந்தோம். பாதை வந்த புண்ணியத்தில் அந்த வாரம் மாவு விலை பாதியாக இறங்கியிருந்ததால், ஊர் அந்த விலையைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

காரணம் அவர் மனைவி லவ்டேக்குத் தெரியும். ஃப்ரேசர் ஆற்றுக்கு மேலே செங்குத்துப் பாறையைக் குடைந்து வழி எடுத்த கோடையில், ஆற்றோர மரவீட்டில் அவளுக்கு வலி கண்டது. மேலே வெடிமருந்து அடைத்துத் தயாராக இருந்தது. மழைக்கு முன்னால் வெடிக்காவிட்டால் குத்தகை கைமாறிவிடும். கூப்பிட ஓடிவந்த சீன மேஸ்திரி லாவ் சிங்கிடம் ஜேபெஸ் கத்தினார்: "என்ன ஆனாலும் நான் இந்தப் பாதைய விட்டு இறங்கமாட்டேன்னு அவகிட்டப் போய்ச் சொல்லு!" லாவ் சிங் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அக்கரையில் சால்மன் மீன் உலர்த்திக்கொண்டிருந்த பூர்வகுடிப் பெண் ஒருத்திதான் வந்து பிள்ளையை வாங்கினாள். மகள் டாம்சின் பிறந்தபோது மேலே பாறை வெடித்தது.

அதனால் புருஷன் இறங்க முடியாமல் நிற்பதாகச் சேதி வந்தபோது லவ்டே அலட்டிக்கொள்ளவில்லை. சரிவின் அடியில் வந்து நின்று, "எங்க, இறங்கு பாப்போம்," என்றாள்.

அவர் இறங்கினார். பாதைமேல் நின்றார்.

"நடிக்கிறியா?"

"சத்தியமா இல்ல, லவ்டே. காலு சொன்னபடி கேக்க மாட்டேங்குது."

"அன்னைக்கு மட்டும் நல்லாக் கேட்டுச்சோ?" என்றவள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாதைக்கு நீளத்தில் குறைவில்லை. மேலே சுரங்க ஊர்வரை, கீழே நீராவிப் படகுத்துறைவரை அவர் எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம். அகலம்தான் பதினெட்டு அடி. வளைவில் கூடாரம் அடித்துக் குடியிருந்தார். வண்டிகள் உரசிக்கொண்டு போயின. காளை வண்டிக்காரன் ஹேன்ராட்டி போகும்போதெல்லாம், "ரோட்ட நீ போட்டியா ஜேபெஸ், இல்ல ரோடு உன்னப் பிடிச்சுப் போட்டுச்சா?" என்று கேட்பான். லாவ் சிங் இரக்கப்பட்டு, பாதையிலிருந்து வீட்டு வாசல்வரை ஒரு கிளைவழி வெட்டிக்கொடுத்தார். ஜேபெஸின் கால் அதையும் ஏற்கவில்லை. கூப்பிடு தூரத்தில் வீடு. அடுப்பில் என்ன வேகிறது என்று மோப்பத்திலேயே சொல்லிவிடுவார். டாம்சின் அவர் கண்ணெதிரே தவழ்ந்தாள், நடந்தாள், அப்பாவுக்குப் பன்றிக்கறியும் ரொட்டியும் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். லவ்டே மட்டும் ஒரு நாளும் ஏறவில்லை. தங்கத்தோடு போகிறவர்களும் தங்கமில்லாமல் போகிறவர்களும் அவர்கள் இருவருக்கும் நடுவில் போய்க்கொண்டே இருந்தார்கள்.

டாம்சினுக்கு ஏழு வயதான பனிக்காலத்தில் தொண்டை அடைத்துக் காய்ச்சல் வந்தது. அந்தக் குளிரில் பிள்ளையை வெளியே எடுக்க முடியாது. ஜேபெஸ் பாதை ஓரத்திலேயே நடையாய் நடந்து, மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தூங்காமல் கண் சிவந்திருந்த லவ்டே கதவைத் திறந்து, "எனக்கு ஒண்ணும் கோபமில்ல, வாய்யா! வந்து பிள்ளையக் கொஞ்சம் பிடி!" என்று கத்தினாள். அவர் ஓடினார். ஓடி வந்து, கிளம்பிய இடத்திலேயே நின்றார். மறுபடி ஓடினார். ஏழாவதோ எட்டாவதோ தடவை விழுந்து, முகத்தில் பனி ஒட்ட அவளைப் பார்த்தார். அப்போதுதான் அவள் நம்பினாள்.

லவ்டே நேரே ஹேன்ராட்டியிடம் போனாள். "வண்டிய அவிழ்த்துப் போடு. உன் காளையெல்லாம் வேணும். வீட்ட மேல இழுக்கணும்."

"வீட்டையா?"

"வீட்டத்தான். அடுப்ப அணைக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அடுப்பு எரிய, பிள்ளை கட்டிலில் கிடக்க, புகைபோக்கியில் புகை வர, அந்த வீடு சரிவேறி வந்தது. ஒருபக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பாதைக்குக் குறுக்கே வைப்பதைத் தவிர வேறு இடமில்லை. வண்டி போகிற அளவுக்கு இரண்டு பக்கச் சுவரையும் அறுத்துக் கதவு போட்டார்கள். ஜேபெஸ் உள்ளே போய்ப் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். லவ்டே இரண்டு நாள் எழுந்திருக்காமல் தூங்கினாள். டாம்சின் பிழைத்தாள்.

அதன்பின் தபால் வண்டியும் கோவேறு கழுதைகளும் அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் போயின. லவ்டேயின் கால்கள் நன்றாகத்தான் இருந்தன. சாயங்காலங்களில் ஆற்றங்கரைக்கு இறங்கி, படகுத்துறை இருக்கும் திசையைப் பார்த்து நிற்பாள். "நீயாவது போயேன்," என்று ஜேபெஸ் ஒருமுறை சொன்னார். "எங்க போக? வீடு இங்கதானே கிடக்கு," என்றாள். டாம்சின் பத்தொன்பது வயதில் அந்த வீட்டுக்குள் நின்ற தபால் வண்டியிலேயே ஏறிக் கடலோர ஊருக்குப் போனாள்; கடிதம் போட்டாள், நேரில் வரவில்லை. தங்கம் வற்றியது, சுரங்க ஊர் காலியானது. பாதையை அளக்க வந்த அரசாங்க அதிகாரி அந்த வீட்டிலேயே தேநீர் குடித்துவிட்டு, வண்டிகள் மெதுவாகப் போகவேண்டும் என்று உத்தரவு போட்டார்.

குளிர்காலத்தில் மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு. வண்டி நுழைந்த கதவைச் சாத்திய பிறகுதான் வெளியே போகும் கதவைத் திறப்பார்கள். இல்லாவிட்டால் சூடு போய்விடும். தாழ்ப்பாள் லவ்டேயின் கையில். அவள் நிதானமாகத்தான் எழுந்து வருவாள். அதுவரை வண்டியில் இருப்பவர்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, புருஷன் பெண்டாட்டி இருவரோடும் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள்.