கொல்லையில் விடுபட்டவர்கள்

2011 பிப்ரவரி மாதத்து வெயில். மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களோடு, திட்டக்குடிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் அலைந்துகொண்டிருந்தார் மகேஸ்வரி டீச்சர். அந்த ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கடலூர்ப் பக்கம் மீனவக் குடும்பத்தில் பிறந்து, கஷ்டப்பட்டுப் படித்து வேலைக்கு வந்தவர். அவருடைய குப்பத்தில் வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கும். ஒரே தெருவில் முந்நூறு தலையை எண்ணிவிடலாம். இங்கேயோ நாலு வீட்டைப் பார்ப்பதற்குள் கால் கடுத்தது. அதிலும் பாதி வீடுகளில் பூட்டு. ஊருக்கு வெளியே வயல்களில் வேர்க்கடலை முற்றும் பருவம்.

"அவுங்கல்லாம் மல்லாட்டக் கொல்லையில இருக்காங்க டீச்சர். பன்னி வந்து நோண்டுது இல்ல? காய் புடுங்குற வரைக்கும் குடும்பத்தோட அங்கதான் கொட்டாய்ல கெடப்பாங்க" என்றார் டீக்கடை பக்கிரி.

"எவ்ளோ தூரம்?"

"ரெண்டு மைல் இருக்கும். வரப்புலதான் நடக்கணும்."

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாற்பத்திரண்டு வீடுகளுக்கு நேராக 'பூட்டிய வீடு' என்று எழுதிவிட்டுக் கிளம்பினார். யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடம், ஒரு நர்ஸாவது தங்குகிற துணை சுகாதார நிலையம் வேண்டும் என்று ஊரே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தது. சுற்று ஊர்களைச் சேர்த்தும், கணக்கெடுப்புப்படி தேவையான ஐயாயிரத்துக்கு நூறு பேர் குறைகிறது என்று மனு திரும்பி வந்தது.

அந்த நாற்பத்திரண்டு பூட்டிய வீடுகளில் ஒன்று கொளஞ்சியுடையது. மனு திரும்பிய மறு மாதம் அவன் மனைவி தைலம்மாளுக்குப் பிரசவ வலி கண்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். குழந்தை பிழைத்தது, ரத்தம் நிற்கவில்லை. திட்டக்குடி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே தைலம்மாள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்த டீச்சருக்கு அழுகைதான் வந்தது.

"தப்பு என்னோடது கொளஞ்சி. அன்னிக்கு நான் கொல்லைக்கு வரல. பூட்டப் பாத்து எழுதிட்டுப் போயிட்டேன்."



"அடுத்த கணக்கு எப்ப டீச்சர்?"

"இன்னும் எட்டு, ஒம்போது வருஷம் ஆவும்."

"உங்க பக்கம் ஜனம் நெருக்கமா இருக்குது, கண்ணுல படுது. நாங்க கொல்லைக்கு ஒருத்தரா செதறிக் கெடக்குறோம். தள்ளித் தள்ளி இருந்தா எங்க உசுரு உசுரு இல்லன்னு ஆயிடுமா? எண்ண வந்தவுங்க நடந்து வந்து எண்ணணும் டீச்சர். நீங்க நடக்காம உட்ட ரெண்டு மைலு, எங்க வூட்ல எழவா வந்து வுழுந்துடுச்சு."

போன கணக்கில் தைலம்மாள் இல்லை. அடுத்த கணக்கிலும் இருக்கப்போவதில்லை.