தகடு இல்லாத பதினான்கு

"அப்போ நேத்து நான் எண்ணினது எதை? பேயையா?"

"மெதுவா பேசும்மா. சுவருக்கும் காது இருக்கு."

"வெறும் சட்டத்தையா உள்ள தள்ளினீங்க?"

"தகட்டைத் துடைச்சு மேசையில வெச்சேன். போன் அடிச்சுது. பேசிட்டு வந்தவன் சட்டத்தை மட்டும் தள்ளிட்டேன். இன்னிக்குக் காலையில வந்து பார்த்தா, தகடு மேசையில உட்கார்ந்து என்னைப் பார்த்து இளிக்குது."

சொன்னவர் பட்டறை மெக்கானிக். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் திருப்புளிதான். மற்றவர்கள் பேனா செருகும் பையில் அவர் அதைத்தான் செருகியிருப்பார். எதற்கெடுத்தாலும் கிண்டலடிப்பவர் இப்போது என் முகத்தைப் பார்க்காமல் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கைகளில் அழுக்கே இல்லை.

நேற்று நான் எண்ணியது நிமிடத்துக்குப் பதினான்கு.

என் வேலையே எண்ணுவதுதான். அக்காவின் கணவர், என் மாமா, உலகமறிந்த இயற்பியலாளர். கதிர் மோதினால், சட்டத்தில் பொருத்திய மெல்லிய உலோகத் தகட்டின் அணுக்கள் உடைகின்றன என்று சொன்னவர். உடைந்து தெறிக்கும் ஒவ்வொரு துணுக்கும் எதிரே இருக்கும் ரசாயனம் பூசிய கண்ணாடியில் பட்டு, ஒரு பொட்டு வெளிச்சமாக மின்னி அணையும். இருட்டறையில் அரைமணி நேரம் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு, நுண்ணோக்கி வழியாக அந்தப் பொட்டுகளை எண்ணுவேன். தகடு இருந்தால் பன்னிரண்டு, பதினைந்து. இல்லாவிட்டால் இரண்டு, மூன்று. அந்த வித்தியாசம்தான் மாமாவின் புகழ். ஐந்து வருடமாக அதைப் பார்த்தவை என் இரண்டு கண்கள் மட்டுமே. அதனால் ஆய்வகத்தில் எனக்குப் பெயர் ஆந்தை.

வேறொரு நாட்டில் இதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். அவர்களுக்குத் தகடு இருந்தாலும் மூன்று, இல்லாவிட்டாலும் மூன்று. அங்கிருந்து ஒரு பேராசிரியர் இன்று பதினொரு மணிக்கு வருகிறார். சட்டத்தை அவரே செருகுவார். உள்ளே தகடு இருக்கிறதா என்று யாருக்கும் சொல்லமாட்டார். நான் எண்ண வேண்டும்.

"உங்க மாமாகிட்ட நான் போய் சொல்லவா?" என்றார் திருப்புளி.

"வேண்டாம். நானே சொல்றேன்."

"சொல்லும்போது நான் வேணும்னு செய்யலைன்னு..."

"நானும் வேணும்னு எண்ணலையே."

பத்தரைக்கு இருட்டறைக்குள் போய் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தேன். இந்த அரைமணி நேரம் எனக்குப் பிடித்தமானது. கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியாது. இன்று அந்த இருட்டு நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. சில பொட்டுகளில் சந்தேகமே வராது. மற்றவை அப்படியில்லை. மின்னியதா, நான் இமைத்தேனா என்று தோன்றும். உள்ளே தகடு இருக்கிறது என்று தெரிந்தால், மின்னியது என்று விரல் எண்ணும் கருவியின் பொத்தானை அழுத்திவிடும். இல்லை என்று தெரிந்தால் விரல் சும்மா இருக்கும். எந்த நாளும் சட்டம் உள்ளே போவதற்கு முன் மாமா சொல்லிவிடுவார், "இன்னிக்குத் தகடு உண்டு" என்று.

கறுப்புத் திரை சரசரத்தது. மாமாதான்.

"உங்கக்கா கோட்டை ரெண்டு தடவை இஸ்திரி போட்டுட்டா. இதுல சுருக்கம் இருந்தா அணு உடையாதான்னு கேட்டேன், முறைச்சா. என்ன ஆந்தையம்மா, கண்ணு பழகிடுச்சா?"

"மாமா, நேத்து சட்டத்துல தகடே இல்ல."

சிரிப்பின் மிச்சம் அவர் மூச்சில் இருந்தது. மெல்ல அது நின்றது.

"எவ்வளவு எண்ணின?"

"பதினாலு."

"திருப்புளிக்கு ஞாபகம் தப்பியிருக்கும்."

"தகடு மேசையில கிடக்கு மாமா. நானே பார்த்தேன்."

"ஒரு நாள்தானே? களைப்பா இருந்திருப்ப."

"நேத்து களைப்புன்னா, மத்த நாளெல்லாம்?"

அவர் சுவரில் சாய்ந்திருக்க வேண்டும், கோட்டு உரசும் சத்தம் கேட்டது. முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. வெளிச்சத்தில் என்றால் எனக்கு வாய் வந்திருக்காது.

"பாடப் புத்தகத்துல போட்டுட்டாங்க பாப்பா," என்றார்.

அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட புதிதில் அப்படித்தான் கூப்பிடுவார். அப்போது எனக்குப் பத்து வயது.

"அவர் முன்னாடி நான் எப்படி எண்ணுவேன் மாமா? எது பொட்டு, எது என் ஆசைன்னே எனக்குத் தெரியல."

"என்னைக்காவது நான் உன்னைக் கூட்டி எண்ணச் சொல்லியிருக்கேனா?"

"இல்ல. ஆனா பதினஞ்சுன்னு சொன்னா உங்க முகம் மலரும்."

வெளியே காலடிச் சத்தம். இரண்டு பேர். "வாங்க சார், வாங்க! கால் மணி முன்னாடியே வந்துட்டீங்களே!" திருப்புளி எங்களுக்குக் கேட்க வேண்டும் என்றே கத்தினார். கதவை யாரோ மரியாதையாக இருமுறை தட்டினார்கள்.

இருட்டில் மாமாவின் கை துழாவிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. சில்லென்றிருந்தது.

"கண்ணு வலிக்குதுன்னு சொல்லிடு. ஒரு வாரம் போதும் எனக்கு. தப்பு எங்கன்னு நானே தேடி, நானே ஊருக்குச் சொல்லிடறேன். உனக்குக் கண்ணு வலின்னு நான் சொன்னா சாக்குன்னு நினைப்பார். நீ சொன்னா நம்புவார். சொல்றியா பாப்பா?"