கழிப்பறைக் கதவோர நாற்காலி

பரிசுக்கும் தண்டனைக்கும் மசியாத மனிதன் உலகத்தில் ஒருவன்தான் உண்டு, அது தான்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மூன்று வருடம் உளவியல் படித்தவன். எலி எதற்காகப் பொத்தானை அழுத்துகிறது, நாய்க்கு எப்போது எச்சில் ஊறுகிறது என்பதெல்லாம் அத்துப்படி. அந்தப் படிப்புக்குக் கிடைத்தது, பிரிட்ஜ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கும் வேலை. அங்கே அவனை 'புரொபசர்' என்று கூப்பிட்டார்கள். கிண்டல் என்று அவனுக்குப் படவில்லை.

ஓர் அழைப்பை மூன்று நிமிடத்துக்குள் முடித்தால் சூப்பர்வைசர் மேசை மணியைத் தட்டுவார். எல்லோரும் கைதட்ட வேண்டும். முடித்தவரின் அடையாள அட்டையில் ஒரு சிரிப்பு ஸ்டிக்கர் ஒட்டப்படும். வாரக் கடைசியில் யாருக்கு ஸ்டிக்கர் குறைவோ, அவருக்கு அடுத்த வாரம் கழிப்பறைக் கதவோர நாற்காலி. அந்தக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து வெகுகாலம் ஆகிறது. திறக்கும்போதெல்லாம் பினாயில் வாடை வரும். பினாயிலால் மறைக்க முடியாததும் கூடவே வரும்.

"கழுதை வயசாகியும் ஸ்டிக்கருக்கு வாலாட்டுறாங்களே அக்கா, வெக்கமா இல்ல?" என்றான், பக்கத்து இருக்கை அக்காவிடம். அவள் அட்டையில் முகம் தெரியாத அளவுக்கு ஸ்டிக்கர்.

"உனக்கு கொள்கை இருக்கு புரொபசர். எனக்கு மூக்கு இருக்கு."

அன்றைக்குத்தான் அதைப் பார்த்தான். "பையனுக்கு இன்சுலினா? உள்ள கூலிங்கே இல்லையாம்மா?" என்று உருகிக்கொண்டிருந்த அக்கா, அழைப்புக் கடிகாரம் இரண்டே முக்கால் நிமிடத்தைத் தொட்டதும் மைக்கை வாயிலிருந்து நகர்த்தினாள். "ஹலோ... ஹலோ... கேக்கலைங்களே." இணைப்பு போயிற்று. மணி அடித்தது. கைதட்டல். அக்கா அட்டையை நீட்டினாள்.

யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் அந்த வரிசை முழுக்க, "கேக்கலைங்களே." அவன் மட்டும் ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் பேசி, மெக்கானிக்கை அனுப்பிவைத்துவிட்டே போனை வைத்தான். வார முடிவில் அவனுக்கு ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லை.

திங்கட்கிழமை கதவோரம் போய் உட்கார்ந்தான். கொண்டுபோன மதியச் சாப்பாட்டை மூடியபடியே வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"இந்த நாத்தமெல்லாம் என்னை ஒண்ணும் பண்ணாதும்மா. எலியைத்தான் பண்ணும்" என்றான் அம்மாவிடம்.

"எலி கூட குளிச்சிருக்கும். போடா, சட்டையைக் கழட்டி வாசல்ல போடு."

புதன்கிழமை தலைவாரும்போது தலைமுடியிலும் அந்த வாடை. வியாழக்கிழமை கணக்குப் பிரிவுக்காரர் ஒருவருக்கு வயிறு சரியில்லை. காலையிலிருந்து நான்காவது முறையாக அவனைக் கடந்து உள்ளே போனார். போகும்போது மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு சிரிப்பு வேறு. அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது.

"தம்பி, பத்து நாளா கூப்பிடுறேன். பேசும்போதே லைன் போயிடுது. பையன் ஊசி மருந்தை பக்கத்து வீட்டு பிரிட்ஜுல வெச்சிருக்கேன். அவங்க நாளைக்கு வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போறாங்க."

அவனுக்கு ஆள் புரிந்துவிட்டது.

"பிரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு நம்பர் இருக்கும்மா. அதைச் சொல்லுங்க, இன்னைக்கே மெக்கானிக்கை அனுப்புறேன்."

"இருங்க தம்பி, நகர்த்திப் பாக்குறேன். வெச்சிடாதீங்க."

தரையில் பிரிட்ஜ் இழுபடும் சத்தம் கேட்டது. அவளுக்கு மூச்சு வாங்குவதும் கேட்டது. இரண்டு நிமிடம் முப்பது விநாடி. அவன் முதுகுக்குப் பின்னால் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றும் ஓசை. கதவு திறந்து, அப்படியே திறந்தே நின்றது. நெடி தொண்டை வரை இறங்கியது.

"கிடைச்சிடுச்சு தம்பி! எழுதிக்கிறீங்களா? எட்டு, நாலு..."

மைக்கை வாயிலிருந்து நகர்த்தினான்.

"ஹலோ... ஹலோ... கேக்கலைங்களே."

மணி அடித்தது. அக்காதான் முதலில் கைதட்டினாள். சூப்பர்வைசர் வருவதற்குள் அவன் எழுந்து நின்று அட்டையை நீட்டியிருந்தான். ஸ்டிக்கர் கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது. அவர் போனதும் அதை நகத்தால் மெல்ல உரித்து, நேராக ஒட்டிக்கொண்டான்.