தையற்கடை முனையில் ஓர் இறக்கை

தேர்தல் வந்ததிலிருந்து தையற்கடைக்காரியின் வீட்டில் ஒரே வாய்ச்சண்டை. ஒரு வேட்பாளர் நிலக்கரி மின்நிலையத்தை மூடவே விடமாட்டேன் என்கிறார். அவள் கணவன் அங்கேதான் கொதிகலன் பார்க்கிறான். மற்றவர் அதை மூடிவிட்டு மலையெங்கும் காற்றாலை நடுவேன் என்கிறார். புகைக்கு என்ன வழி என்று முன்னவரின் ஆட்களையும், வேலைக்கு என்ன வழி என்று பின்னவரின் ஆட்களையும் கேட்டுப் பார்த்தாள். இரு தரப்பும் சிரித்து மழுப்பிவிட்டுப் போனார்கள்.

"ஒருத்தர் சட்டைக்குக் கழுத்து வைக்கல, இன்னொருத்தர் கை வைக்கல. எதைங்க போட்டுக்கிறது?" என்றாள்.

"கழுத்து இல்லாட்டி எப்படிடி தலை நுழையும்? எனக்கு வேலைதான் கழுத்து," என்றான் அவன்.

அன்று காலை மலைக்குப் போகும் காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிய நீண்ட லாரி தெருமுனையில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. அதன் பின்சக்கரங்களை ரிமோட்டால் திருப்பிக்கொண்டு கூடவே நடந்து வந்தவர் கடைக்கு வந்தார்.

"அக்கா, உங்க பெயர்ப்பலகை இடிக்குது. கழட்டிக்கலாமா?"

"முடியாதுன்னு சொல்லு," கணவன் உள்ளிருந்து கத்தினான். "என் வயித்துல அடிக்கிற சாமானுக்கு நாமளே வழி விடணுமாக்கும்!"

அவள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். தெருவின் இந்தக் கோடியில் தொடங்கிய இறக்கையின் வெள்ளை உடம்பு அந்தக் கோடியையும் தாண்டிப் போயிருந்தது. அடிப்பக்கம் வட்டமாக, வீட்டு வாசலைவிடப் பெரிதாக இருந்தது. அதை மூடியிருந்த தார்ப்பாயை விலக்கி உட்சுவரைத் தடவியவளின் விரல் நின்றது. இழை!

"ஏங்க, இங்க வாங்க! இது துணிங்க!"

"கண்ணாடி இழைத் துணிக்கா," என்றார் ரிமோட்காரர். "மேல மேல விரிச்சு, பசை பாய்ச்சி இறுக வைப்பாங்க. விரிக்கிறது பூரா கையாலதான்."

கேலி செய்யத்தான் கணவன் வந்தான். உள்ளே தலையை நீட்டி "ஏய்!" என்றான். குரல் எங்கோ ஓடிப்போய், சற்றுக் கழித்துத் திரும்பி வந்தது.

"முத நாள் கொதிகலன் முன்னாடி நின்னப்பதான் எனக்கு இப்படி இருந்துச்சு," என்றான் மெல்ல. பிறகு திருப்புளியைத் தானே எடுத்துவந்து பலகையைக் கழற்றினான்.

வண்டி நகர்ந்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக நிழலில் மூழ்கி வெளிச்சத்துக்கு வந்தன.

"சாயங்காலம் கூட்டத்துக்கு ரெண்டு வேட்பாளருங்களும் வர்றாங்க," என்றாள் அவள். "என்ன கேக்கப் போறீங்க?"

"இந்தத் துணியை விரிக்க எங்களுக்கு உங்கள்ல யாரு கத்துக்கொடுப்பீங்கன்னு," என்றான் அவன், கண்ணை எடுக்காமல்.